தந்தி உண்டு, வயர் இல்லை!

'தந்தி' என்னும் சொல்லுக்கு நம் தாய்மொழியில் இரண்டு பொருள் உண்டு. வீணையிலும் தம்புராவிலும் கட்டப்பட்டு, விரல் பட்டதும் நாதம் எழுப்புவது ஒரு தந்தி. தந்திக்காரர் வாசலில் வந்து பெயர் சொல்லி அழைத்தாலே வீட்டாரின் வயிற்றைக் கலக்கியது மற்றொரு தந்தி. இரண்டாவது தந்தி 2013 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நம் நாட்டில் விடைபெற்றுக்கொண்டது. முதல் தந்தியோ இன்றும் நாதம் எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த இருவகைத் தந்திகளும் ஒன்றோடொன்று கைகோத்தால் என்ன ஆகும்? இசைக்கருவியின் தந்தி எழுப்பும் ஒலி, கம்பியில்லாத் தந்தியாகக் காற்றில் ஏறிப் போகும்! அதுதான் எலெக்ட்ரிக் கிட்டாருக்கான டிஜிட்டல் வயர்லெஸ் கருவி. இந்தக் கல்வியாண்டில் எங்கள் பள்ளி இசைக்குழுவுக்கு வந்து சேர்ந்த அந்தச் சின்னஞ்சிறு விருந்தாளியைப் பற்றி, அன்புத் தோழியரோடும் பெற்றோரோடும் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இசைக்குழுவில் நாங்கள் 11 பேர். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை எல்லா வகுப்பினரும் இருக்கிறோம். இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு டிரம் செட், மற்றவர்கள் பாடுவார்கள். புதன்கிழமை மாலைகளில் பள்ளி மணி அடித்ததும், டிபன் பாக்ஸில் மிச்சம் இருப்பதைப் பகிர்ந்து உண்டுவிட்டு, மேடையில் கூடுவது எங்கள் வழக்கம்.

எலெக்ட்ரிக் கிட்டார் எங்ஙனம் பாடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். சாதாரணக் கிட்டாருக்குப் பெரிய வயிறு உண்டு. அந்த மரப்பெட்டிதான் ஒலியைப் பெருக்கும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அது தேவையில்லை. அதன் ஆறு உலோகத் தந்திகளுக்குக் கீழே, காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. இதைப் 'பிக்-அப்' என்பார்கள். தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. புலம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831 ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான்! வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யும் விதி, மேடையில் பாட்டாக வருகிறது என்றால் மிகையாகாது. ஆனால் அந்த மின்சாரம் மிகமிகச் சிறியது. அதை ஒரு வயர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோய்ப் பெருக்கினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். அந்த வயரில்தான் எங்கள் கதை தொடங்குகிறது.

வயர் என்றால் தொல்லை ஒன்றா, இரண்டா? கால் தடுக்கும், முறுக்கிக்கொள்ளும், ஜாக் லேசாக ஆடினாலும் 'கர்ர்' என்று உறுமும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்றும் நடந்தது. ஜூலை மாதம் ஒரு மழைநாள் மாலை. கிட்டாரை மாட்டிக்கொண்டு பாட வந்த எங்கள் பதினொன்றாம் வகுப்புத் தோழியின் உதடு மைக்கைத் தொட்டதும் 'சுருக்'கென்று ஷாக் அடித்தது. அவள் "அம்மா!" என்று பின்வாங்கினாள். விரல் தந்தியில், உதடு மைக்கில். இடையில் அவள் உடலே மின்சாரத்துக்குப் பாலம் ஆகிவிட்டது. இறையருளால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை யாருக்கும் வாசிக்க மனம் வரவில்லை.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தியன்று. 1972 ஆம் ஆண்டு மே மாதம், பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகரில், ஸ்டோன் தி குரோஸ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். 1976 ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கிஸ் இசைக்குழுவின் ஏஸ் ஃபிரேலி மேடைப் படிக்கட்டின் உலோகக் கைப்பிடியைத் தொட்டு மின்சாரம் தாக்கி மயிரிழையில் தப்பினார். அந்த ஆண்டுகளில்தான் கென் ஷாஃபர் என்ற அமெரிக்கர் கிட்டாருக்கென்று நம்பகமான வயர்லெஸ் கருவியை உருவாக்கினார். ஃபிரேலியும் அதற்கு மாறிக்கொண்டார். வயரைத் துறப்பது வெறும் ஆடம்பரத்துக்காக மட்டும் எழுந்த எண்ணம் அல்ல என்பது இதனால் விளங்கும்.

நிற்க. பள்ளிக் கார்னிவலில் சுண்டலும் அதிரசமும் விற்று நாங்கள் சேர்த்த பணம் கையில் இருந்தது. பழைய மாணவியர் சங்கத்து அக்காமார் மீதியைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். "சிஸ்டர், வயர்லெஸ் வாங்கிவிடலாமா?" என்று தலைமையாசிரியை சிஸ்டரிடம் போய் நின்றோம். அவர்கள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "முதலில் எந்தப் பிள்ளைக்கும் ஷாக் அடிக்காமல் இருக்கட்டும். அப்புறம் வயர் இல்லாமல் ஆடலாம், ஓடலாம்" என்றார்கள்.

மறுநாளே எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். மேடையின் இடப்பக்கப் பிளக் பாயின்டைக் கழற்றி எங்களுக்குக் காட்டினார். மூன்று துளைகள் இருந்தன. ஆனால் மேலே உள்ள பெரிய துளைக்குரிய எர்த் கம்பி எங்கும் இணைக்கப்படவில்லை! ஆம்ப்ளிஃபையர் அந்தப் பாயின்டில் இருந்தது. மைக்செட்டோ எர்த் உள்ள வேறு பாயின்டில் இருந்தது. ஆம்ப்ளிஃபையரின் உலோகக் கூட்டில் கசிந்த மின்சாரம் எர்த்துக்குப் போக வழியின்றி, வயரின் மேலுறை வழியாகக் கிட்டார் தந்திக்கு வந்து, எங்கள் தோழி வழியாக மைக்குக்குப் போயிருக்கிறது. அண்ணன் எர்த் இணைப்பைச் சரிசெய்தார். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே கண்ணிமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்சையும் பொருத்தினார். "கண்ணுகளா, இதுக்கு முன்னாடி எந்த மெஷினும் வேண்டாம்" என்று அவர் சொன்னது எங்கள் காதில் இன்றும் ஒலிக்கிறது. சேர்த்த பணத்தில் ஒரு பங்கு அதற்கே போயிற்று. மனத்தாங்கல் இல்லை, மகிழ்ச்சியே.

பிறகுதான் வயர்லெஸ் வந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இரண்டு துண்டுகள்! ஒன்று கிட்டாரின் ஜாக்கில் செருகும் அனுப்பி. மற்றொன்று ஆம்ப்ளிஃபையரில் செருகும் வாங்கி. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்களே, அதற்கு இது நல்ல சான்று. தந்தியின் அதிர்வை இந்த அனுப்பி ஒரு விநாடிக்கு 48,000 முறை அளந்து பார்க்கிறது. ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாக, அதாவது 1,67,77,216 படிகளுள் ஒன்றாகக் குறித்துக்கொண்டு, எண்களாகவே காற்றில் அனுப்புகிறது. வாங்கி அந்த எண்களை மீண்டும் ஒலியலையாக மாற்றுகிறது. இடையில் போவது எண்கள் என்பதால், பழைய வானொலியில் கேட்கும் இரைச்சல் இதில் கேட்பதில்லை.

"இவ்வளவு வேலையும் நடந்தால் தாமதம் ஆகாதா?" என்று எங்கள் டிரம்மர் கேட்டாள். நல்ல கேள்வி! இத்தகைய கருவிகளில் தாமதம் பெரும்பாலும் 2 முதல் 6 மில்லி விநாடி வரைதான். ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது. ஆகவே 5 மில்லி விநாடித் தாமதம் என்பது, ஆம்ப்ளிஃபையரைவிட்டு ஏறத்தாழ 1.7 மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். நம் காதுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வீட்டிலுள்ள சாதாரண புளூடூத் ஸ்பீக்கரிலோ தாமதம் 100 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். அடித்த அடி ஒரு பக்கம், கேட்கும் ஒலி ஒரு பக்கம் என்று ஆகிவிடும். தங்கைமார் இதைக் கவனத்தில் கொள்வீர்களாக.

ஒலியிலும் ஒரு வேறுபாட்டைக் கேட்டோம். நீண்ட வயருக்கு மின்தேக்கும் பண்பு உண்டு. மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். அது கீச்சுக் குரலைச் சிறிது விழுங்கிவிடும். வயரை எடுத்ததும் கிட்டார் பளிச்சென்று ஒலித்தது. "கண்ணாடி துடைத்த மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. "எனக்குக் காது கூசுது, பழையதுதான் நல்லா இருந்தது" என்றாள் இன்னொருத்தி. கிட்டாரிலுள்ள டோன் திருகைச் சற்றே குறைத்து இருவரையும் சமாதானப்படுத்தினோம்.

இந்தக் கருவி பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். 2005 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இதைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த உரிமம் வேண்டியதில்லை. அதனாலேயே அங்குக் கூட்டமும் அதிகம்: வைஃபை, புளூடூத், ஏன், மைக்ரோவேவ் அடுப்புகூட அதே பக்கத்தில்தான்! சந்தைக் கூட்டத்தில் தாயின் குரலைப் பிள்ளை கேட்பது எப்படி? இதற்கு ஒரு வழியைக் காட்டியவர்களுள் ஒருவர் பெண் என்பதைச் சொல்லும்போது எங்கள் உள்ளம் பூரிக்கிறது. வியன்னாவில் பிறந்து ஹாலிவுட் நடிகையாகப் புகழ்பெற்ற ஹெடி லமார், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலுடன் சேர்ந்து, ஒரே அலைவரிசையில் நில்லாமல் தாவித்தாவிச் செல்லும் வானொலி முறைக்கு 1942 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். டார்பிடோவை வழிநடத்தும் சமிக்ஞையை எதிரி குலைக்காதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒன்றாகத் தாவுவதற்கு, தானே வாசிக்கும் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளைப் போன்ற ஓர் ஏற்பாட்டை அவர்கள் எண்ணினார்கள். போர் நடந்த நாட்களில் அமெரிக்கக் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. அவர் 2000 ஆம் ஆண்டு மறைந்தார்; 2014 ஆம் ஆண்டில்தான் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. அலைவரிசைத் தாவல் இன்று புளூடூத்தில் அன்றாடம் பயன்படுகிறது. அழகை மட்டும் பார்த்த உலகம் அறிவைப் பார்க்க எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது, பாருங்கள்!

ஆண்டு விழா வந்தது. ஒத்திகைகளில் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் பாட்டில் நடனக் குழுவினர் 20 பேர் மேடையில் நிறைந்தார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், நீர் நிறைந்த மனித உடல் அதை உறிஞ்சிவிடும். கிட்டாருக்கும் பின்னால் இருந்த வாங்கிக்கும் நடுவே இருபது உடல்கள்! கிட்டார் ஒலி திக்கித்திக்கி, பின் நின்றே போயிற்று. எங்கள் கண்கள் ஒன்றையொன்று தேடின. டிரம்மர் அடியை விடவில்லை. கீபோர்டுத் தோழி கிட்டாரின் மெட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். பாடுவோர் கைதட்டத் தொடங்க, அவையோரும் சேர்ந்து தட்டினார்கள். அதற்குள், எதற்கும் இருக்கட்டும் என்று ஆம்ப்ளிஃபையர் அருகில் சுருட்டி வைத்திருந்த பழைய வயரைக் கிட்டார்த் தோழி செருகிக்கொண்டாள். பாட்டு நிற்கவில்லை. அது பாட்டிலேயே உள்ள பகுதி என்று எண்ணியதாகப் பல பெற்றோர் பிறகு சொன்னார்கள்!

கிறிஸ்துமஸ் கேரல் நிகழ்ச்சிக்கு வாங்கியை உயரமான ஸ்டாண்டில், எல்லார் தலைக்கும் மேலே, கிட்டாரின் பார்வையில் படும்படி வைத்தோம். ஒருமுறைகூட ஒலி அறுபடவில்லை. அன்று எங்கள் கிட்டார்த் தோழி மேடையை விட்டிறங்கி, முதல் வரிசையில் அமர்ந்திருந்த எல்.கே.ஜி. குழந்தைகளின் நடுவே நின்று வாசித்தாள். ஒரு குழந்தை எழுந்து வந்து, வயர் எங்கே என்று கிட்டாரின் பின்புறம் குனிந்து தேடியது, மண்டபமே சிரித்தது.

இப்போது எங்களுக்கென்று சில வழக்கங்கள் உள்ளன. நிகழ்ச்சிக்கு முதல்நாள் இரவே பேட்டரியை முழுதாக ஏற்றுகிறோம். வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் வாங்கியை வைப்பதில்லை. மேடைக்கு வந்ததும் முதலில் எர்த் சோதனை, பிறகே இசை. வாங்கிக்குத் துணையாக வயரும் எப்போதும் வருகிறது.

அன்புத் தோழியரே! கட்டவிழ்ந்து நடப்பது இனிமைதான். ஆயினும் எங்களைக் காத்தது நிலத்தில் மறைந்து கிடக்கும் ஒரு எர்த் கம்பி. ஒலி நின்றபோது பாட்டைத் தாங்கியது ஒருவரையொருவர் கேட்டுப் பழகிய காது. அந்த இரண்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை, கைதட்டலும் பெறுவதில்லை. வரும் ஜூன் மாதம் இசைக்குழுவில் புதிதாகச் சேர வரும் தங்கைமாரை இருகரம் நீட்டி வரவேற்கிறோம். கிட்டார் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கற்றுத்தருவோம். கேட்கும் காதும் பொறுமையும் கொண்டு வாருங்கள்; புதன்கிழமை மாலை மேடையில் உங்களுக்கென்று இடம் காத்திருக்கிறது.

— இசைக்குழு மாணவியர்