மரப்பலகையும் முப்பத்திரண்டு காய்களும்

ஞாயிறு மாலைகளில் நம் பங்கு இல்லத் தாழ்வாரத்தில், ஆறு ஆண்டுகளாக, ஒரு பிளாஸ்டிக் சதுரங்கப் பலகை விரிந்து கிடந்தது. இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நமக்கு எதிரே அமர்வார். கறுப்பு யானைகளுள் ஒன்று எப்போதோ தொலைந்துபோக, அதன் இடத்தில் இருமல் மருந்துப் புட்டியின் மூடி ஒன்று நின்றது. அந்த மூடியைக் கொண்டே அவர் நம் இராசாவை மடக்கிய நாள்கள் பல.

சென்ற ஐப்பசி மழையில் அவர் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் அவருடைய மகள் ஓர் உறையை நம் கையில் கொடுத்து, "சாமி, இதில் ஐயாயிரம் இருக்கிறது. அப்பா பெயரில் நல்ல மரச் செட் ஒன்று வாங்கி வையுங்கள். பிள்ளைகள் ஆடட்டும்" என்றார். கோவிலுக்கு மணியும் மெழுகுதிரித் தண்டும் வாங்கிப் பழகிய நாம், இது விளையாட்டுப் பொருள்தானே என எளிதாக எண்ணிவிட்டோம்.

நாவலூரிலிருந்து பேருந்தேறி முதலில் மாமல்லபுரம் சென்றோம். காரணம் உண்டு. உருசியாவில் நடக்கவிருந்த 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடு, உக்ரைன் போரினால் இடம் மாறி, 2022 சூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை இங்கே நடந்ததல்லவா? வேட்டி கட்டிய குதிரையாகிய 'தம்பி'யை நம் ஊர்ச் சிறுவர் எவரும் மறந்திலர். அங்கே இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதல் பலகையில் ஆடித் தங்கம் பெற்ற குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் தம் 18ஆம் வயதில் உலக வாகையரானார். அதன் பின் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவதில்லை. தாழ்வாரத்துக்கே ஓடி வருகின்றனர்.

மாமல்லபுரத்துக் கடையொன்றில் மாக்கல்லில் செதுக்கிய செட்டைக் கண்டு மயங்கி நின்றோம். அம்பாரியோடு யானை, வாளோடு சிப்பாய்! விலை பேசவும் தொடங்கிவிட்டோம். அப்போது நம் தாழ்வாரத்துச் சிமெண்டுத் தரையும் நம் பிள்ளைகளின் கைகளும் நினைவுக்கு வந்தன. ஒருமுறை கீழே விழுந்தால் வாளும் போகும், சிப்பாயும் போவான். மேலும் இத்தகைய அலங்காரக் காய்களில் மந்திரி யார், இராணி யார் என்றறியவே நேரம் பிடிக்கும். 1849இல் இலண்டனில் நத்தானியேல் குக் பதிவு செய்து, ஹோவார்டு ஸ்டாண்டன் பெயரால் வழங்கும் எளிய வடிவமே இன்றளவும் போட்டிகளில் நிற்பதன் பொருள் அன்றுதான் நமக்கு விளங்கியது. (அவ்வடிவில் நாம் மந்திரி என்னும் காய்க்கு ஆயர் அணியும் கூர்முடி உண்டு. "சாமி, இவர் நம் ஆயரா? ஏன் கோணலாகவே நடக்கிறார்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். விடையளிக்காமல் நழுவினோம்.)

பின்னர்ச் சென்னைக் கடையொன்றில் தேடினோம். அங்கிருந்தவை அமிர்தசரஸில் கடைந்தவை. இராசா முதல் சிப்பாய் வரை கடைசலில் சுழன்றே உருப்பெறுகின்றன. குதிரைத் தலை மட்டும் உளியால் ஒவ்வொன்றாகச் செதுக்கப்படுவது. எனவே செட்டின் தரத்தை அறிய இராசாவைப் பார்க்க வேண்டா. குதிரையின் தாடையையும் பிடரியையும் பாருங்கள். கருங்காலி நம் பைக்கு எட்டாது. சாயமேற்றிய கறுப்புக் காய்களை ஈரக் கைக்குட்டையால் தேய்த்தோம், குட்டை கறுத்தது. கடைக்காரர் முகமும் கறுத்தது. ஆகவே இயற்கையாகவே பழுப்பான சீசம் மரக் காய்களைத் தேர்ந்தோம். அடியில் எடை வைத்தவை அவை. சற்றுச் சாய்த்து விட்டால் தாமே நிமிர்கின்றன.

நாம் தவறியது பலகையில். பித்தளைக் கீலும் பளபளப்பும் கொண்ட மடக்குப் பலகையைக் கண்ணுக்கு அழகாயிருந்ததென்று எடுத்து வந்தோம். இல்லத்தில் காய்களை அடுக்கினால் திருவிழாத் தேர் கூட்டம்தான்! மந்திரியை எடுக்கப் போனால் இராணி சாய்கிறாள். இராசாவின் உயரம் 9.5 செ.மீ.; அதற்குக் கட்டம் 5 முதல் 6 செ.மீ. இருத்தல் வேண்டும் என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் பரிந்துரை. நம் கட்டமோ 4.5. எளிய சோதனை ஒன்றுண்டு: ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்கள் நெருக்கமின்றி நிற்க வேண்டும். இதை வாங்குமுன் அறிந்திலோம்.

மறுநாளே திரும்பச் சென்று மாற்றினோம். இம்முறை 5.5 செ.மீ. கட்டம், மடங்காத பலகை, விளக்கொளி கண்ணைக் குத்தாத மங்கிய மெருகு. கனமான ஒட்டுப்பலகைமேல் மெல்லிய மரத்தகடு ஒட்டியது அது. முழுமரம் உயர்ந்ததெனினும், நம் கடற்கரைக் காற்றுக்கும் கார்த்திகை ஈரத்துக்கும் அது வளைந்துவிடக் கூடும். கறுப்புக் கட்டம் கறுப்புக் காயைவிடச் சற்று வெளிறியிருக்கவும் பார்த்துக்கொண்டோம். இரண்டும் ஒரே நிறமாயின் மாலை வெளிச்சத்தில் காய் கட்டத்தில் கரைந்துவிடும். மேற்கொண்டு 700 ரூபாய் ஆனது. அதை நாம் சேர்த்தோம்.

முதல் ஆட்டம் பெரியவரின் மகளோடு. அவருக்கு ஆடத் தெரியுமென்பதே நாம் அறியாதது. இருபது நகர்த்தலுக்குள் தோற்றோம். "உங்கள் தந்தையோடு மூன்றுக்கு ஒன்றாவது வெல்வோமே" என்று வாய்விட்டுச் சொன்னோம். அவர் காய்களை அடுக்கிக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை மூன்று பூசை வைத்துக் களைத்திருப்பார் சாமி, ஓர் ஆட்டமாவது அவர் ஜெயிக்கட்டும் என்று அப்பா வீட்டில் சொல்வார்" என்றார். ஆறாண்டு வெற்றிகளை எண்ணிப் பார்த்தோம். சிரிப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது. "இன்னோர் ஆட்டம்" என்று கேட்டோம், அதிலும் தோற்றோம்.

புட்டி மூடியை அவர் தம்மோடு கொண்டுபோனார்.

சென்ற வாரம் வெள்ளைக் குதிரையொன்றின் காது உடைந்தது. உடைத்தவன் யாரென எவரும் சொல்லவில்லை. துண்டு மட்டும் நம் மேசைமேல் காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மரப்பசை தடவி நூலால் கட்டியுள்ளோம். பசை நன்றாய் இறுகும்வரை ஆட்டமில்லை என்று பெட்டியைப் பூட்டியிருக்கிறோம். சிறுவர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்துச் செல்கின்றனர்.