ஒத்தமரத்துக்குக் கீழே

மாசிக் கடைசியில் குரங்கணி மலைச்சரிவெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஆள் உயரத்துக்குப் போதைப்புல் நிற்கும். இடையிடையே சுக்குநாறிப்புல், எண்ணெய்ச் சத்துள்ள புல். கசக்கி மோந்தால் எலுமிச்சை வாசம் வரும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, புகைக்கு முன்னால் அந்த வாசம்தான் ஊருக்குள் இறங்கியது. நல்ல வாசம். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

போடியில் ஜீப் ஓட்டுகிறேன். வார நாட்களில் விடியுமுன்னே போடிமெட்டு ஏறி, ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்களை இடுக்கிப் பக்கம் இறக்கிவிட்டு வருவேன். சனி, ஞாயிறு என்றால் குரங்கணி. முதுகு மறையப் பை மாட்டிய பிள்ளைகள் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூரிலிருந்தும் வருவார்கள். அவர்கள் பார்க்க வருவது கொழுக்குமலையை. மலை இருப்பது தேனி மாவட்டத்தில், வண்டிப்பாதையோ இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி வழியாக. எட்டாயிரம் அடிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் தேயிலைத் தோட்டமும் பழைய ஃபேக்டரியும். மேகத்துக்கு மேலே சூரியன் உதிப்பதைப் பார்க்க அந்தப் பக்கம் ஜீப்புகள் இருட்டிலேயே வரிசை கட்டும். நடந்து ஏறுகிறவர்களுக்கு எங்கள் பக்கம்.

இந்த மலைக்குப் போக்குவரத்து புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கயிற்றில் தொங்கி இறங்கின. அந்தப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த மூணாறு ரயிலையே 1924 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இங்கே மலைநடுவில் ஒரு குடியிருப்புக்கு மட்டும் இன்னும் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்றே பேர், தண்டவாளம் எதுவும் கிடையாது. பிறகு காப்பியும் மிளகும் தலைச்சுமையாய் இறங்கின. 2010இல் ‘மைனா’ படம் வந்தபின் ஊர் பேர் வெளியே தெரிந்தது. சுமை இறங்கிய தடத்தில் கூடாரப் பைகள் ஏறத் தொடங்கின. வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. டீக்கடைக்கு வியாபாரம், எனக்கு வாடகை.

அந்தச் சனிக்கிழமை ஏறியவர்களில் பெண்கள்தான் அதிகம். மகளிர் தினம் கழிந்த வாரக்கடைசி. ஒரு பெண் புது ஷூவின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். இன்னொருத்தி டவர் விட்டுப்போவதற்குள் போனில் அவசரமாகப் பேசினாள். “அம்மா, இனிமே லைன் கிடைக்காது. நாளைக்குச் சாயந்தரம் நானே கூப்பிடறேன்.” கடலை மிட்டாய் வாங்கி ஆளுக்கொன்றாகப் பகிர்ந்தார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள்.

மறுநாள் இறங்கும்போதுதான் தீ வந்தது. மேலே சிக்கியது இரண்டு குழு. தடத்தில் ஒத்தமரம் என்கிற இடத்துப் பக்கம் புகை என்றார்கள், காட்டுக்குத் தீ வைப்பதும் அணைப்பதும் இங்கே கோடையில் நடப்பதுதானே என்று நின்றோம், அதற்குள் ஒருவர் தடத்தில் விழுந்தடித்து ஓடிவந்து “பிள்ளைக சிக்கிருச்சுகப்பா” என்று கத்தினார். யார் யாரைக் கூப்பிட்டது தெரியாது. போர்வை, கம்பு, தண்ணீர் கேன், டார்ச், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஏறினோம். காற்று திரும்பித் திரும்பி அடித்தது. தீ கீழிருந்து மேலே ஓடுகிறது, அந்த வேகத்துக்கு மனுசன் ஓட்டம் எம்மாத்திரம், இறங்கி வந்தவர்கள் திரும்பி மேலே ஓடியிருக்கிறார்கள், முடியாமல் பள்ளத்தில் குதித்திருக்கிறார்கள், பள்ளம் முழுக்க அதே புல்.

பள்ளத்திலிருந்து குரல்தான் முதலில் வந்தது. “அண்ணா, இங்க இருக்கோம்.” அதில் பதற்றம் இல்லை, பஸ் ஸ்டாப்பில் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. உடுப்பு தோலோடு ஒட்டியிருந்தது. எங்கே கை வைத்துத் தூக்குவது என்று தெரியாமல் நின்றோம். தண்ணீர் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தன் பேரைச் சொன்னார்கள், வீட்டு நம்பரைச் சொன்னார்கள். போர்வையைக் கம்பில் கட்டி டோலி ஆக்கி நான்கு பேர் தூக்கினோம். தூக்கியதும் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள், “ரொம்பக் கனமா இருக்கேனாண்ணா?” இல்லம்மா என்றேன். அதற்குப் பிறகு வழி நெடுக அவள் பேசவில்லை. முன்னால் தோள் கொடுத்தவர் மலைக்குடியைச் சேர்ந்த பெரியவர். காலில் செருப்பு இல்லை, மண் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. “பாத்து வா தம்பி, பிள்ளைக்கு வலிக்கும்” என்பதைத் தவிர அவரும் வேறெதுவும் பேசவில்லை.

பிறகு எல்லாரும் வந்தார்கள். சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர், கமாண்டோக்கள், அமைச்சர்கள், டிவி வண்டிகள். மேலேயே போனவர்கள் ஒன்பது பேர். அதோடு முடியவில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலிருந்தும் தனியார் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. போடி ஸ்டாண்டில் காலைப் பேப்பரைப் பிரிக்கவே யோசிப்போம். மொத்தம் 23 பேர். அதில் கல்யாணமாகி மாதக்கணக்கு மட்டுமே ஆனவர்களும் இருந்தார்கள்.

ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை வைத்தார்கள். யார் அனுமதி கொடுத்தது, எந்தப் பாதைக்குக் கொடுத்தது என்று பேப்பரில் நீளமாக வாதம் நடந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் புல்லோடு பிறந்து வளர்ந்தவனை ஏன் கூட அழைத்துப் போகவில்லை என்பது எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி. மலைக்குடிப் பெரியவர் மறுநாளும் காப்பித் தோட்டத்துக்குப் போனார், பாதத்தில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு. மைக் வைத்திருந்தவர்கள் அவரைத் தாண்டித்தான் நடந்தார்கள்.

அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டியாக வருகிறார்கள், தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். மலையை ஒரேயடியாகப் பூட்டிவிடச் சொன்னவர்களோடு நான் சேரவில்லை. நடக்க ஆசைப்பட்டது அந்தப் பிள்ளைகளின் குற்றம் இல்லை. உள்ளூர்ப் பையன் ஒருவன் சீருடை போட்டு முன்னால் நடப்பதைப் பார்க்கும்போது, இது அன்றைக்கே இருந்திருக்கலாமே என்று வயிறு எரிகிறது.

இப்போதும் பிள்ளைகளை ஏற்றுகிறேன். ஊர் எல்லை தாண்டியதும் பாட்டை நிறுத்திவிட்டுச் சொல்வேன். மத்தியானத்துக்கு மேல் காற்று மாறும். புகை தெரிந்தால் மேட்டைப் பார்த்து ஓடாதீர்கள், பள்ளத்தில் இறங்காதீர்கள், ஏற்கெனவே எரிந்து கருகிய இடம் இருந்தால் அங்கே போய் நில்லுங்கள், எரிந்த இடம் மறுபடி எரியாது. நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போடுங்கள். சிலர் கேட்டுக்கொள்வார்கள். சிலருக்கு எரிச்சல் வரும், காலையிலேயே ஏன் அபசகுனமாய்ப் பேசுகிறான் என்று. போன வாரம்கூடப் பின்சீட்டிலிருந்து ஒரு பையன், “அண்ணா, நாங்க ஜாலியா இருக்கத்தான் வந்திருக்கோம், பாட்டு போடுங்க” என்றான்.

“போடறேன் தம்பி. இன்னும் ரெண்டு விசயம் இருக்கு, கேட்டுக்க” என்றேன்.