குடவோலைக்கு வெளியே நின்றவர்கள்

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றால், "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்பதுதான் நம் நாட்டு வழக்கம். பிரான்சு நாட்டிலே இடைக்காலச் சிற்றூர்கள் பல, மதிலும் கோபுரமும் கல் பாவிய தெருவுமாக இன்றும் நிற்கின்றன. அவற்றைக் காண ஆயிரமாயிரம் பேர் போகிறார்கள். போகிறவர் பாவம் தொலைக்கப் போவதில்லை. முன்னோர் எப்படி வாழ்ந்தார், யார் ஆண்டார், யார் உழைத்தார் என்று அறியப் போகிறார். நமது ஊர்களுக்கும் அந்த வயது உண்டு. கல்லும் உண்டு, கல்லிலே எழுத்தும் உண்டு. எழுத்தைப் படிக்கிறவர்தான் குறைவு. எழுத்தின்மேல் எண்ணெய் தடவி விளக்கேற்றுகிறவர் மிகுதி!

படப்பையிலிருந்து நாம் மூவர் புறப்பட்டோம். தேங்காய்த் தட்டு எடுத்துச் செல்லவில்லை; குறிப்பேடு எடுத்துச் சென்றோம்.

படப்பை என்பது பழந்தமிழ்ச் சொல். மனையை ஒட்டிய தோட்டம், கொல்லை என்பது அதன் பொருள். சங்கப் பாட்டுகளில் அடிக்கடி வருவது. அப்பெயர் தாங்கிய ஊர் இன்று தாம்பரத்திலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையில் பேருந்துகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. மேற்கே ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலைகள். அவற்றுக்கு இடையிடையே, இன்னும் விலை போகாத வயல். வயலுக்கு அப்பால் ஏரி. ஏரி நிரம்பினால் வழிகிற நீர் அடுத்த ஏரிக்கு, அதிலிருந்து அதற்கடுத்த ஏரிக்கு என்று சங்கிலி போலக் கோத்துவைத்த நாடு இது. இந்த ஏரிகளின் மிகுநீர்தான் அடையாறாகிச் சென்னைக்குள் நுழைகிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு முடிச்சூர் வீடுகளுக்குள் புகுந்தபோது, ஏரியின் வழியை மறித்தவர் யார் என்ற கேள்வி சில நாள் எழுந்தது. பிறகு வடிந்துவிட்டது, வெள்ளத்தைப் போலவே.

முதல் நாள் மணிமங்கலம். படப்பைக்குப் பக்கத்து ஊர். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களில் இதுவும் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டுச் செய்தி. வாதாபி எரிந்தது வரலாறாயிற்று. மணிமங்கலத்து வயலிலே மிதிபட்ட நாற்று யாருடையது என்று எந்தச் செப்பேடும் எழுதவில்லை. வீரராசேந்திர சோழன் மேலைச் சாளுக்கியரை வென்ற பெருமையும் இவ்வூர்க் கோயில் சுவரிலே நீண்ட மெய்க்கீர்த்தியாக நிற்கிறது. படித்துப் படித்து நமக்குச் சலிப்பு வந்தது. வாளின் ஒலி மிகுதி. ஏரின் ஒலி இல்லை.

அடுத்த ஞாயிறு வாலாசாபாத் வழியாகத் திருமுக்கூடல் சென்றோம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம். ஆற்றில் மணல் இருந்தது, நீர் இல்லை. அங்கே அதே வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. அதைப் படித்தபோது சலிப்பு ஓடிவிட்டது. பதினோராம் நூற்றாண்டிலே அங்கே ஒரு மருத்துவமனை! 'வீரசோழன்' என்பது அதன் பெயர். 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளரைப் பேணப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர ஒருவர். சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லிலே இருக்கிறது. இன்றைய ஆரம்ப சுகாதார நிலையம் சிலவற்றிலே இந்தப் பட்டியலைக் கொண்டுபோய் ஒட்டிவைக்கலாம் என்றார் நம் தோழர் ஒருவர்.

ஆனால் அந்தப் படுக்கை யாருக்கு? கோயில் ஊழியருக்கும், கோயிலைச் சார்ந்த கல்விச்சாலை மாணவருக்கும். அங்கே கற்பிக்கப்பட்டவை எவை? இருக்கு, யசுர், வடமொழி இலக்கணம். மருத்துவமனைக்குச் செலவாகும் நெல்லை விளைத்தவன், சேற்றிலே பாம்பு தீண்டி விழுந்தால், அவனுக்குப் பதினாறாவது படுக்கை விரிக்கப்பட்டதாக அந்தக் கல் கூறவில்லை.

அங்கிருந்து உத்திரமேரூர்.

இந்த ஊரின் பெயரை அறியாத தமிழ் மாணவர் இருக்கமாட்டார். 2020 டிசம்பரில் டில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதுகூடத் தலைமை அமைச்சர் இவ்வூரைச் சொன்னார். வைகுந்தப் பெருமாள் கோயில் என்று இன்று அழைக்கப்படும் மண்டபத்தின் சுவர்களிலே, முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு, அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, வரிவரியாக இருக்கின்றன. ஊர் மகாசபைக்கான வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறை அவற்றின் பொருள்.

முறை எப்படி? ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையிலே எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்திலே இடவேண்டும். சபை முழுவதும் கூடியிருக்க, மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்டவேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்திலே அவிழ்த்திட்டுக் குலைத்து, ஓர் ஓலையை எடுத்து நடுவர் கையிலே கொடுப்பான். அந்த நடுவர் ஓலையை எப்படி வாங்கவேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலே ஏந்தி வாங்கவேண்டும்! விரலிடுக்கிலே வேறோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடாது என்பதற்காக. ஓராயிரம் ஆண்டுக்கு முன் இவ்வளவு நுட்பமாக ஐயுற்ற அறிவை நாம் வணங்கவில்லை, பாராட்டுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரமுடியாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வரமுடியாது என்றும் அக்கல் விதிக்கிறது. இந்த விதியை இன்று கொண்டுவந்தால் எத்தனை நாற்காலி காலியாகும் என்று எண்ணிச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியபின் தகுதிப் பட்டியலைப் படித்தோம். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராக இருக்கவேண்டும். தன் மனையிலே வீடு கட்டிக் குடியிருக்கவேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். மந்திர பிராமணம் ஓதுவிக்க அறிந்தவராக இருக்கவேண்டும். நிலம் அரைக்கால் வேலியே ஆனாலும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவரானால் போதும். அதாவது நிலம் குறைந்தால் வேதம் ஈடு செய்யும். வேதம் இல்லையேல் நூறு வேலியும் ஈடு செய்யாது. ஊரின் பெயரே சதுர்வேதிமங்கலம் அன்றோ! தாழ்ந்தோருடன் கலந்து பழகியதால் விலக்குண்டவர், கழுவாய் செய்யும்வரை குடத்துக்குள் பெயராகக்கூட நுழைய முடியாது என்றும் எழுதியிருக்கிறது. தாழ்ந்தவனுக்கு இடமில்லை என்று தனியே எழுதவேண்டிய தேவைகூட இல்லை. அவனோடு பழகியவனுக்கே இடமில்லை. வேதம் பெண்ணுக்கு மறுக்கப்பட்டிருந்ததால், அவளைப் பற்றியும் தனியே எழுதத் தேவைப்படவில்லை.

கிரேக்கத்து ஏதென்சு நகரிலும் சீட்டுக் குலுக்கித்தான் பதவி கொடுத்தார்கள். அங்கும் அடிமைக்கும் பெண்ணுக்கும் சீட்டு இல்லை. அதை ஐரோப்பிய வரலாற்றாசிரியர் மறைப்பதில்லை. நம்மவர்தாம் குடத்தை மட்டும் காட்டி, குடத்துக்கு வெளியே நின்றவனைக் காட்டாமல் விடுகிறார்கள். அவன் நின்றதற்கும் கல்லிலே சான்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள், ஊர்களில் வரி நீங்கிய நிலங்களை எண்ணும்போது, ஊர் நத்தத்தோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் பெயர் சொல்லியே எண்ணுகின்றன.

நம்முடன் வந்த இளைய தோழர் அதுவரை பேசாமல் இருந்தார். அவர் தாத்தா பண்ணையாள். மண்டபத்தின் அடித்தளத்தைக் கையால் தடவிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, வேதத்தை விடுங்க. சொந்த மனையிலே வீடுன்னு போட்டிருக்கே, அந்த ஒண்ணுலயே எங்க ஆளுங்க எல்லாரும் அடிபட்டுப் போயிருப்பாங்களே?"

நாம் விடை சொல்ல ஆயிரம் ஆண்டு பின்னே போகவேண்டியதில்லை. 1891இல் இதே செங்கற்பட்டு மாவட்டத்துக் கலெக்டராக இருந்த திரமென்கீர் என்ற வெள்ளையர், பறையர் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சேரியிலே குடிசை போட்டிருப்பவனுக்கு அந்தக் குடிசை நிற்கும் மண் சொந்தமில்லை. மிராசுதாரர் சினந்தால் குடிசையோடு அவனையும் பெயர்த்துவிடலாம். கூலி உயர்த்திக் கேட்கும் வாயை அடைக்க இந்த ஒரு அச்சமே போதும் என்பதை அவர் கண்டு எழுதினார். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். அந்நிலத்தில் பெரும்பகுதி பிறகு யார் யார் கைக்குப் போயிற்று என்பது தனிக் கதை. அதைச் சொல்ல இன்னோர் இதழ் வேண்டும்.

921இல் சபைக்குத் தகுதியாக இருந்த அந்தச் சொந்த மனை, உழவுத் தொழிலாளிக்குச் சட்டப்படி கிடைக்க 1971 வரை ஆயிற்று. கலைஞர் ஆட்சியிலே வந்த குடியிருப்பு மனைச் சட்டம், பிறர் நிலத்திலே குடிசை போட்டிருந்த உழவுத் தொழிலாளிக்கும் கைவினைஞருக்கும் அந்த மனையை உடைமையாக்கிற்று. பிரான்சிலே பிரபுக்களின் நிலவுரிமைச் சலுகைகளை ஒழிக்க 1789 ஆகஸ்டு 4ஆம் நாள் ஓர் இரவு போதுமாயிருந்தது என்பார்கள். அங்கும் காரியம் முடியப் பல ஆண்டுகள் ஆயின. இங்கு ஆயிரத்தைம்பது ஆண்டுகள்.

மனை வந்தபின் குடம் வந்ததா? 1996இல் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியும் கீரிபட்டியும் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளாயின. அங்கே ஒழுங்காக ஒரு தலைவரைத் தேர்ந்து இருத்த 2006 வரை ஆயிற்று. மேலவளவிலே தலைவராக வென்றே விட்ட முருகேசனை 1997 ஜூனிலே பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஓலை இல்லை, வாக்குச்சீட்டு. சபை இல்லை, சட்டம். ஆனால் குடத்தைச் சுற்றி நின்றவர் பழைய ஆட்கள்தாம்.

மாலையில் ஏரிக்கரைக்குப் போனோம். பல்லவன் தந்திவர்மன் காலத்துப் பெயரால் வயிரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் கூறும் பேரேரி. ஏரியைக் காக்கத் தனியே ஓர் ஏரி வாரியம், அதற்கு ஆறு பேர் என்று கல் கணக்குச் சொல்கிறது. ஆறு பேர் கணக்குப் பார்த்திருப்பார்கள். தூர் அள்ளியவர் எத்தனை பேரோ! கரையிலே வேலையுறுதித் திட்டத்துப் பெண்கள் மண்வெட்டியும் கூடையுமாக வேலை முடித்து அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் முன்பு வார்டு உறுப்பினராக இருந்தவராம். அந்த ஐந்து விரல் கதையை நம் இளைய தோழர் அவருக்குச் சொன்னார். அவர் தம் சேறு படிந்த கையை விரித்துப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு மஸ்டர்ரோல்ல கட்டைவிரல் மட்டுந்தாம்பா கேப்பாங்க" என்றார்.