எழுதுகோலும் அளவும்

திருமறையின் 68-ஆவது அத்தியாயம் எழுதுகோலின் பெயர் தாங்கியது. அதை ஓதி வளர்ந்த நாம், எபோனைட் தண்டைக் கடைந்து மைப்பேனா செய்ய ஆசைப்பட்டோம்.

முதற் பேனாவின் மூடிக்கு ஒற்றை மரை வெட்டினோம். ஒரு சுற்றுக்கு 0.8 மில்லிமீட்டரே நகர்ந்ததால் திறப்பதற்குள் எழுத வந்தது மறந்தது! மும்மரை டேப்பில் வெட்டியிருந்தால் ஒரு சுற்றிலேயே 2.4 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும்.

அடுத்தது மகளுக்கான பேனா. ஜோவோ ஆறாம் எண் நிப்பின் மரை 7.4 மில்லிமீட்டர், போக் நிப்பினுடையதோ 7.5. பத்தில் ஒரு பங்குதானே என்று, கையிலிருந்த 7.5 டேப்பால் ஜோவோவுக்கு மரை வெட்டினோம். நிப் ஆடியது, மை கசிந்தது, தண்டு வீணாயிற்று.

நிப்பை முதலில் வாங்கி, அதற்கேற்ற டேப்பையே தேர்ந்திருக்க வேண்டும். அளவில் பிசகுவது சந்தையில் மட்டுமா குற்றம்? பட்டறையிலும் குற்றமே. மகளிடம் இன்னொரு தவணை கேட்டிருக்கிறோம்.