ஸ்டீவ்ஸ்டன் துறையில் ஒரு சுவை நடை

கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் இறங்கும் பயணிகள் பெரும்பாலும் வடக்கே, மலையும் கண்ணாடிக் கட்டடங்களும் தெரியும் நகரத்துக்கே நேராகப் போய்விடுகிறார்கள். விமான நிலையம் இருக்கும் அதே ரிச்மண்ட் நகராட்சியின் தென்மேற்கு மூலையில், ஃப்ரேசர் ஆறு பசிபிக்கில் கலக்கும் முகத்துவாரத்தில் ஸ்டீவ்ஸ்டன் இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆன தட்டையான நிலம் இது. கடல்மட்டத்தை ஒட்டியே கிடப்பதால் சுற்றிலும் கரை எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கரைமேல் நின்றால் ஒரு பக்கம் தெருக்களும் கடைகளும், மறுபக்கம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் மீன்பிடிப் படகுகளும் தெரியும். 1870-களின் கடைசியில் மனோவா ஸ்டீவ்ஸ் என்பவர் குடும்பத்தோடு இங்கே வந்து பண்ணை போட்டார். அவர் மகன் மனை பிரித்து ஊராக்கினார். ஊருக்குப் பேர் கொடுத்தது அந்தக் குடும்பம் என்றாலும் சோறு போட்டது சால்மன் மீன்.

மீனும் கிராஃப்ட் பீரும் சேர்ந்த நடைப் பயணங்கள் இப்போது இதுபோன்ற கரையோர ஊர்களில் பரவலாக நடக்கின்றன. ஒரு வழிகாட்டி, பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு மூன்று மணி நேரம், நான்கைந்து இடங்களில் நின்று ஆளுக்கு ஒரு வாய் தின்பதும் சின்னக் கிளாஸில் குடிப்பதும்தான் அதன் வடிவம். ஸ்டீவ்ஸ்டனுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஊர் சிறியது, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துவிடலாம். ஆனால் வரிசை முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பீரில் தொடங்கினால் மீதி எல்லாம் பின்னணிப் படமாகிவிடும். படகுத்துறையில் தொடங்கி, மீனை டின்னில் அடைத்த ஆலைக்குள் போய், படகு கட்டிய கொட்டகைகளைப் பார்த்த பிறகே கிளாஸைக் கையில் எடுக்க வேண்டும்.

துறையில் ஒரு நீண்ட மிதவை மேடை இருக்கிறது. கடலுக்குப் போய்வந்த படகுகள் அதில் அணைந்து நிற்க, பிடித்தவர்களே நேராக விற்கிறார்கள். நடுவில் தரகர் கிடையாது. அட்டையில் மீன் பேரும் விலையும் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். மே மாதம் என்றால் கூட்டம் முழுக்க ஸ்பாட் இறாலுக்குத்தான். செம்பழுப்பு ஓட்டில், வால் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் இரண்டிரண்டு வெள்ளைப் புள்ளிகள். பேர் அதனால் வந்தது. வலை இழுத்துப் பிடிப்பதில்லை. இரை வைத்த கூண்டுகளை ஆழத்தில் இறக்கி எடுக்கிறார்கள். கடலடியைச் சுரண்டாத முறை என்பதால் இந்த இறாலுக்கு மரியாதை அதிகம். இந்த இறால் முதலில் ஆணாக வளர்ந்து, வாழ்நாளின் பிற்பகுதியில் பெண்ணாக மாறிவிடும். மொத்த ஆயுளே நான்கு ஆண்டுகள்தான். முட்டை சுமந்த பெண் இறால்கள் குஞ்சுகளை விட்ட பிறகுதான் பருவத்தைத் திறக்கிறார்கள். சில வாரங்களில் மூடியும்விடுகிறார்கள்.

வாங்குவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து உயிரோடு அள்ளிப் பையில் போட்டுத் தருகிறார்கள். வீடு தூரம் என்று வாங்குபவர் சொன்னால், படகில் இருப்பவர் இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகில் தலையைப் பிரித்துவிடுகிறார். இறால் செத்ததும் தலையிலுள்ள செரிமானச் சாறு வாலுக்குள் இறங்கிச் சதையைக் கூழாக்கிவிடும். அதனால் ஒன்று உயிரோடு கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் உடனே தலையை எடுத்துவிட வேண்டும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஒரு நிமிடம் போதும்; அதற்கு மேல் விட்டால் இனிப்பு போய் ரப்பராகிவிடும். பல ஆண்டுகள் இந்த இறாலில் பெரும்பகுதி உறைய வைக்கப்பட்டு ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் மேடையில் வரிசையில் நின்று வாங்கத் தொடங்கியது கடந்த இருபது ஆண்டுகளுக்குள்தான்.

கோடை முற்றும்போது சாக்கை சால்மன் வரும். சிவந்த சதை கொண்ட இந்த மீன் ஆற்றின் மேற்பகுதியில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, நான்காம் ஆண்டில் முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்புகிறது. அதனால் ஃப்ரேசரில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருவரவு உண்டு. இதை நம்பித்தான் ஊர் எழுந்தது, இதனாலேயே பலமுறை விழவும் செய்தது. 1913–14-இல் ரயில்பாதை போடப் பாறைகளை உடைத்தபோது ஹெல்ஸ் கேட் என்ற குறுகலான இடத்தில் பாறை சரிந்து ஆற்றில் விழுந்தது. மேலே ஏற முடியாமல் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பெருவரவு ஆண்டுகள் பல தலைமுறைக்குக் குலைந்தன. மீன் ஏறிப்போகும் படிகளை அங்கே கட்டியது 1940-களின் நடுவில்தான். நம் காலத்திலும் கணக்கு தப்புகிறது. 2009-இல் ஒரு கோடிக்கும் மேல் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் சுமார் 15 லட்சம்தான் வந்தது. மத்திய அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. மறு ஆண்டே, 2010-இல், மூன்று கோடிக்கு நெருக்கமாக வந்து குவிந்தது. இப்படி ஒரு தொழிலை வைத்துக்கொண்டு வீட்டுக்கடன் கட்டும் குடும்பங்கள் அந்த மேடையில் நிற்கின்றன. அதனால் அங்கே பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை.

மேடையிலிருந்து மேற்கே சில நிமிட நடையில் ஜார்ஜியா வளைகுடா டின் ஆலை. 1894-இல், தண்ணீருக்கு மேல் மரத்தூண்களை நட்டுக் கட்டியது. 1897-இல் மட்டும் 25 லட்சத்துக்கும் அதிகமான டின்கள் இங்கிருந்து போயின, பெரும்பகுதி பிரிட்டனுக்கு. உச்சக் காலத்தில் ஸ்டீவ்ஸ்டன் கரையில் இதுபோன்ற ஆலைகள் பதினைந்து வரை இருந்தன. 1979-இல் மூடி, 1994 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பெல்ட்டுகளும் கத்திகளும் ஆவி அடுப்புகளும் உள்ளே காட்சிக்கு இருக்கின்றன.

உள்ளே போனால் யார் எங்கே நின்றார்கள் என்பது தெளிவாகத் தெரியும். மீனை வெட்டி ஒழுங்குபடுத்தும் மேசையில் சீனத் தொழிலாளர்கள். ஒப்பந்தக்காரர் மூலம், பருவத்துக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கப்பட்டவர்கள். கழுவும் தொட்டியிலும் டின் நிரப்பும் வரிசையிலும் பூர்வகுடிப் பெண்கள், பிறகு ஜப்பானியப் பெண்களும். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்கள் உண்டு. ஆலைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த முகத்துவாரத்தில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் மஸ்குவியம் மக்கள். சொந்த ஆற்றின் மீனையே அவர்கள் கூலிக்கு டின்னில் அடைத்தார்கள். 1900-களின் தொடக்கத்தில் தலையும் துடுப்பும் வெட்டிக் குடலெடுக்கும் இயந்திரம் வந்தது. ஒரு குழு சீனத் தொழிலாளர்களின் வேலையை அது ஒன்றே செய்தது. சீனரை இழிவுபடுத்தும் சொல்லையே அதற்குப் பேராக வார்ப்பிரும்பில் பொறித்தார்கள். அந்த இயந்திரத்தின் முன்னால் வழிகாட்டி சற்று நேரம் நின்று பேச வேண்டும். நல்ல வழிகாட்டிகள் நிற்கிறார்கள்.

1900 ஜூலையில் இந்தக் கரையில் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு சால்மனுக்கு 25 சென்ட் கேட்டார்கள். ஆலை முதலாளிகள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு கொடுக்க மறுத்தார்கள். வெள்ளையரும் பூர்வகுடியினரும் ஒரு பக்கமும் ஜப்பானியர் வேறு சங்கமுமாகப் பிரிந்திருந்தது முதலாளிகளுக்குச் சாதகமாயிற்று. துப்பாக்கியோடு படை வந்து இறங்கியது. ஜப்பானியர் 20 சென்ட்டுக்கு ஒத்துக்கொண்டு படகெடுத்தார்கள். அந்தப் பிளவின் கசப்பு பல காலம் நின்றது.

அந்த ஜப்பானியர் எப்படி வந்தார்கள் என்பதற்குத் தனிக் கதை உண்டு. வக்கயாமா மாகாணத்தின் மியோ என்ற கடலோரக் கிராமத்திலிருந்து கிஹேய் குனோ என்பவர் 1888-இல் இங்கே வந்தார். ஆற்றில் மீன் பொங்குவதைக் கண்டு ஊருக்கு எழுதினார். ஊரே கிளம்பி வந்தது என்று சொல்லுமளவுக்கு மியோவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டைபாய்டில் மீனவர்கள் மடிந்தபோது, தங்களுக்குள்ளே சந்தா கட்டி 1900-இல் சொந்த மருத்துவமனை கட்டிக்கொண்டார்கள். அந்த முயற்சியில் முன்னின்ற தோமெகிச்சி ஹொம்மா, வாக்காளர் பட்டியலில் தன் பேரைச் சேர்க்கக் கோரி வழக்குப் போட்டார். கீழ்மன்றங்களில் வென்றார், 1902-இல் லண்டனில் பிரிவி கவுன்சிலில் தோற்றார். ஜப்பானிய கனேடியருக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வாக்குரிமை கிடைத்தது 1949-இல்தான். இன்று ஸ்டீவ்ஸ்டனில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு ஹொம்மாவின் பேர் வைத்திருக்கிறார்கள்.

ஆலையிலிருந்து கிழக்கே கரையோரம் நடந்தால் பிரிட்டானியா படகுக் கட்டுமானத் துறை வரும். பல சுவை நடைகள் இதுவரை வருவதில்லை. தெருவில் உணவகங்கள் இருக்கும் பகுதியோடு திரும்பிவிடுகின்றன. அது பெரிய குறை. இங்கேதான் முராகாமி வீடு இருக்கிறது, பக்கத்தில் அந்தக் குடும்பத்தின் படகுப் பட்டறையோடு. 1942 வரை அவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே கனடா கடற்படை ஜப்பானிய கனேடியரின் மீன்பிடிப் படகுகள் சுமார் 1,200-ஐப் பறிமுதல் செய்து ஃப்ரேசர் ஆற்றில் கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு அவை விற்கப்பட்டன. அடுத்த ஆண்டு மேற்குக் கரையிலிருந்து சுமார் 22,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள்; பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்கள். வீடும் நிலமும் அவர்களைக் கேட்காமலேயே விற்கப்பட்டன. போர் முடிந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழித்து, 1949 ஏப்ரலில்தான் கரைக்குத் திரும்ப அனுமதி. சில குடும்பங்கள் திரும்பி வந்தன. ஒரு காலத்தில் தங்களுடையதாக இருந்த தெருக்களில் வாடகைக்கு இருந்து, மறுபடி படகு வாங்கி, மறுபடி வலை போட்டார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 1988-இல். ஊரில் ஜப்பானியக் கட்டடப் பாணியில் ஜூடோ, கராத்தே கற்றுத் தரும் கூடம் 1972 முதல் இருக்கிறது. அங்கே எல்லா இனத்துப் பிள்ளைகளும் பயில்கிறார்கள்.

பழைய கடைத்தெருவில் பழமை மிகக் கொஞ்சம். 1918 மே மாதம் பிடித்த தீயில் ஆலைகளும் விடுதிகளும் கடைகளும் எரிந்துபோயின. ஹெப்வொர்த் செங்கல் கட்டடம் போன்ற ஒன்றிரண்டுதான் தப்பின. இப்போதைய தெரு தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் அளவுக்கு அழகாக இருக்கிறது. ‘ஒன்ஸ் அபான் எ டைம்’ தொடரின் கற்பனை ஊர் இதுதான்.

இனி பீர். கனடாவின் நவீன கிராஃப்ட் பீர் பிறந்ததே இந்த மாகாணத்தின் கடலோரத்தில். வான்கூவருக்கு வடமேற்கே ஹார்ஸ்ஷூ பே துறையில், 1982-இல், ஜான் மிட்செல், ஃப்ராங்க் ஆப்பிள்டன் இருவரும் பழைய பால்பண்ணைச் சாமான்களை வைத்து ஒரு சிறு ஆலை போட்டார்கள். அந்தப் பீரை விற்ற மதுக்கடையின் பேர் ட்ரோலர். மீன்பிடிப் படகில் ஒரு வகை. பெரிய நிறுவனங்களின் ஒரே சுவை லாகருக்கு மாற்றாக எழுந்த அந்த முயற்சி மெதுவாகத்தான் பரவியது. 2013-இல் மாகாண அரசு ஆலைகளே தங்கள் வளாகத்தில் உட்காரவைத்துப் பீர் ஊற்ற அனுமதித்த பிறகுதான் மூலைக்கு மூலை ஆலைகள் வந்தன. இன்று ஸ்டீவ்ஸ்டன் மதுக்கடைகளில் உட்கார்ந்தால் சுற்றுவட்டார ஆலைகளின் பீரை நான்கு சிறு கிளாஸ்களில் பலகை வைத்துக் கொண்டுவந்து தருவார்கள்.

மீனோடு எது சேரும் என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. இந்தக் கரையின் பெருமையான ஐ.பி.ஏ. வகை, ஹாப் பூவின் கசப்பும் பழவாசனையும் தூக்கலானது. அதை ஸ்பாட் இறாலோடு குடிப்பது இறாலுக்குச் செய்யும் துரோகம். இறாலின் இனிப்பு அடையாளம் தெரியாமல் போகும். அதற்கு மெல்லிய பில்ஸ்னர் போதும். எண்ணெயில் பொரித்த ஹாலிபட் மீனும் உருளைக்கிழங்கும் என்றால் குளிர்ந்த லாகர். அதன் நுரை நாக்கிலுள்ள எண்ணெயைத் துடைத்துவிடும். பச்சைச் சிப்பியோடு கறுத்த ஸ்டௌட் சேர்வது பழைய பழக்கம். வறுத்த பார்லியின் கசப்பும் சிப்பியின் கடலுப்பும் ஒன்றையொன்று எடுத்துக்கொடுக்கும். புகையூட்டி இனிப்புப் பாகு தடவிய சால்மன் துண்டுகள் இங்கே மிட்டாய் மாதிரி விற்கின்றன; அவற்றுக்குச் செம்பழுப்பு ஏல் சரி. ஐ.பி.ஏ. வேண்டுமென்றால் எல்லாம் தின்று முடித்த பிறகு தனியாகக் குடிக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் இந்தத் துறையில் மீனவர்கள் ஹெர்ரிங் மீனைப் பைபையாக விற்று, வரும் பணத்தைப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காகக் கொடுக்கிறார்கள். படகு, டீசல், உழைப்பு எல்லாம் இலவசம். மக்கள் விடிகாலையிலிருந்தே வரிசையில் நிற்பார்கள். சுற்றுலாப் பருவம் அது இல்லை. ஆனாலும் ஊரைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாளில் வந்தால் நல்லது.

நடையை மேற்குக் கோடியில் கேரி பாயிண்ட் பூங்காவில் முடிக்கலாம். கடலில் மாண்ட மீனவர்களுக்கு அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது: வலை பின்னும் ஊசி, ஆளைவிட உயரமாக. பக்கத்திலேயே குனோ பேரில் ஒரு ஜப்பானியத் தோட்டம்.

எப்போது போவது என்று கேட்டால், மே மாதம் இறாலுக்கு, ஆகஸ்ட் கடைசி சாக்கைக்கு. 2010, 2014, 2018, 2022 என்று வந்த வரிசையில் அடுத்த பெருவரவு ஆண்டு 2026. சாக்கைப் பருவம் திறப்பதும் மூடுவதும் வாரத்துக்கு வாரம் அரசு எடுக்கும் முடிவு. போகும் முன் துறைமுக நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கமும் ஐஸ் போட்ட பெட்டியும் இருக்கட்டும். செவுளைத் தூக்கிப் பார்த்து, இரத்தச் சிவப்பாக இருப்பதை முழு மீனாகவே கேளுங்கள். துண்டு போட்டுத் தரச் சொன்னால் தலையைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள்; அதையும் கேட்டு வாங்கி, புளி கரைத்துக் குழம்பு வையுங்கள்.