பாரம் இறங்கிய பின்பு

தியானப் பகுதி: லூக்கா 22:31-34, யோவான் 21:15-19



என் தகப்பனார் விட்டுச்சென்ற அம்பாசடர் காரை, நானும் என் மகனும் ஓய்வுநாட்களில் சிறிது சிறிதாகச் செப்பனிட்டு வருகிறோம். அதன் பின்புறம் தாழ்ந்து தொங்கியது. ஆகவே பட்டறையில் ஒரு பட்டையைக் கூட்டி, வளைவைத் திருத்தி, அந்த வண்டிக்கென்றே பட்டை ஸ்பிரிங்குகளைக் கட்டுவித்தோம்.

சென்ற வாரம் வண்டியை ஜாக்கியில் உயர்த்தி, சட்டத்துக்கு உறுதியான தாங்கிகளைக் கொடுத்து, அவற்றை வீட்டு முற்றத்திலேயே பொருத்தினோம். முன்கண்ணின் போல்ட்டையும் பின்புற ஷேக்கிளையும் மாட்டியதும், ஸ்பேனரை எடுத்து இறுக்க முனைந்தேன்.

"இப்பவே இறுக்காதீங்கப்பா. முதல்ல வண்டி தரையில நிக்கட்டும்" என்றான் மகன்.

காரணத்தையும் சொன்னான். போல்ட்டை இறுக்கும் நிலையிலேயே உள்ளிருக்கும் ரப்பர் புஷ் பிடித்துக்கொள்ளும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், பாரம் இறங்கியவுடன் ரப்பர் அளவுக்கு மீறி முறுக்குண்டு, விரைவிலேயே கிழிந்துபோகும். சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை முழுவதும் ஸ்பிரிங்கின்மேல் இறங்கிய பின்பே முழுமையாக இறுக்க வேண்டும்.

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. நம் சபையின் சகோதரர் ஒருவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தபோது, "வாரந்தோறும் வருவேன்" என்று அவர் மனைவியிடம் உறுதியளித்தேன். மூன்றாம் மாதத்தில் என் வருகை குறைந்தது. பின்பு நின்றேபோயிற்று. பாரம் இன்னதென்று அறியாமல், அந்தரத்தில் இறுக்கிய வாக்கு அது.

பேதுருவும் இராப்போஜனப் பந்தியில், சிறைக்கும் சாவுக்கும் ஆயத்தமென்றான். அன்றிரவே அந்த உறுதி கிழிந்தது. ஆனால் ஆண்டவர் அவனைத் தள்ளிவிடவில்லை. விழுந்து, அழுது, தன் பெலவீனத்தின் எடையை உணர்ந்த பின்பு, திபேரியாக் கடற்கரையில் அவனிடம் மூன்று தரம் அன்பைக் குறித்துக் கேட்டார். மந்தையை ஒப்புவித்தது அதன் பின்னரே.

மறுநாள் மாலை அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் பேச இயலாமல் என் கையைப் பற்றிக்கொண்டார். இம்முறை பெரிய வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. "வியாழக்கிழமை வருகிறேன்" என்று மட்டும் சொல்லிவந்தேன்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின்பு, அச்சைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டுமாம். நாம் கொடுத்த வாக்குகளுக்கும் அது அவசியமே.

ஜெபம்: ஆண்டவரே, பாரத்தின்கீழ் தளர்ந்துபோன எங்கள் வாக்குகளை நீரே மறுபடியும் உறுதிப்படுத்தும். ஆமென்.