கண்ணுக்குள் ஓர் ஊசி

சீனி வருத்தம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. உம்மும்மா பதினேழு வருடங்களாகக் கிளினிக் கொப்பியோடு நடக்கிறார். ஆனால் ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிகின்றன என்று அவர் சொன்னபோது எல்லோரும் பயந்துபோனோம். இடது கண்ணின் விழித்திரை நடுவில் நீர் கசிந்து வீங்கியிருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார் டொக்டர். மருந்தின் பெயர் அவாஸ்டின். அது பெருங்குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட, வந்தது வினை.

"புத்துநோய் மருந்தையா மகள் என்ட கண்ணுல குத்தப் போறாங்க?"

கேள்வி நியாயமானதுதான். 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அது புற்றுநோய் மருந்தேதான். கட்டி வளரப் புதிய குருதிக்கலன்கள் வேண்டும். அவற்றைத் தூண்டும் புரதத்தை இம்மருந்து தடுக்கிறது. சீனியால் நுண்கலன்கள் பழுதடைந்து ஒட்சிசன் குறையும்போது விழித்திரையும் அதே புரதத்தைத்தான் சுரக்கிறது. கலன்கள் கசிகின்றன, சிலருக்குப் பலவீனமான புதுக் கலன்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது.

உம்மும்மாவைச் சம்மதிக்க வைத்தது இந்த விளக்கமல்ல, கணக்கு. 60 கிலோ எடையுள்ள புற்றுநோயாளிக்கு ஒரு தடவைக்குச் சாதாரணமாக 300 மில்லிகிராம் ஏற்றுவார்கள். கண்ணுக்கோ 1.25 மில்லிகிராம், 240இல் ஒரு பங்கு! "அவ்வளவுதானா?" என்றார்.

கண்ணுக்கென்றே வந்த ரனிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்பவை விலை கூடியவை. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பார்வை கொஞ்சமே குறைந்தவர்களுக்கு மூன்றும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. அதிகம் குறைந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அஃப்லிபெர்செப்ட் முந்தியது. உம்மும்மா முதல் வகை.

ஊசி போடச் சில விநாடிகள்தான். மரத்துப்போகச் சொட்டு மருந்து, கிருமி கொல்லும் திரவம், பிறகு வெள்ளைவிழி வழியே மெல்லிய ஊசி. கண் சிவந்திருந்தது, வலி இல்லை என்றார். வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ உடனே வரும்படி சொல்லி அனுப்பினார்கள்.

பெரிய சண்டை மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான். கம்பிகள் நேராகிவிட்டன, இனி எதற்கு என்றார். மருந்தின் வேலை சில வாரங்களில் தீர்ந்துவிடும், கசிவு திரும்பலாம் என்று வாப்பா எவ்வளவோ சொன்னார். ஊசியை விடத் திகதி தவறாமல் போவதுதான் கஷ்டம்: பஸ், வரிசை, கூடப் போக ஓர் ஆள். இப்போது ஆறாவது முடிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வலது கண்ணையும் பார்க்கிறார்கள். அதில் இன்னும் வீக்கம் இல்லை. சீனியையும் பிரஷரையும் இறக்கி வைத்திருக்கச் சொல்கிறார்கள். தேநீரில் சீனி போடுவதை உம்மும்மா விட்டுவிட்டார். தொதலைத்தான் விடவில்லை.